ஐஸ் எத்தனை, மீன் எத்தனை?

மண்டபத்தில் மே மாதம் என்றால் கடலுக்குப் போகாத படகுகளும் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் ஒரே கரையில் கிடக்கும் மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. படகையாவது கரையேற்றிப் பழுது பார்க்கலாம், பெயின்ட் அடிக்கலாம். பிள்ளைகளை என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்து என் மச்சான் துபாயிலிருந்து குடும்பத்தோடு விடுப்பில் வந்து சேர்ந்தார். அவர் மகன் கையில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவி. என் மகனுக்கு ஒன்பது வயது. முதல் நாள் எட்ட நின்று பார்த்தான். இரண்டாம் நாள் தோளோடு ஒட்டி நின்று பார்த்தான். மூன்றாம் நாள் சோறு வேண்டாம் என்றான்.

சின்னவள் தன் பங்குக்கு, அந்தக் கருவியில் செருகும் விளையாட்டு அட்டையை எடுத்து வாயில் போட்டாள். போட்ட வேகத்தில் வாசல் வரை ஓடித் துப்பினாள். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக டெனட்டோனியம் பென்சோயேட் என்ற கசப்புப் பொருளை அதன்மேல் பூசியிருக்கிறார்கள் என்று மச்சான் மகன் விளக்கினான். என் அம்மா அட்டையை வாங்கி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். முகம் கோணியது. "பால்குடி மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவுவோமே, அதுதான்" என்று ஆராய்ச்சியை முடித்து வைத்தாள்.

ஸ்விட்ச் வாங்க எனக்கு வக்கில்லை. சோறு வேண்டாம் என்பவனைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வீட்டில் விடமாட்டார்கள். இணையத்தில் துழாவி, குழந்தைகளுக்கென்றே செய்த ஒரு டேப்லெட்டைப் பிடித்தேன். சுற்றிலும் ரப்பர் கவசம், தூக்க ஒரு கைப்பிடி, விலை ஏழாயிரத்துச் சொச்சம். 32 ஜிபி என்று போட்டிருந்தது. 32 பல் இருக்கும் வாயே நாள் முழுவதும் மெல்கிறதே, ஒன்பது வயதுப் பையனுக்கு இது போதாதா என்று நினைத்தேன்.

போதவில்லை. முதல் நாள் மூன்று விளையாட்டுகள் ஏறின. இரண்டாம் நாள் காலை நான்காவதை ஏற்றப் போனவன், திரையில் வந்ததைப் பாடப் புத்தகம் படிக்கும் குரலில் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தான்: "சேமிப்பிடம் போதவில்லை."

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு புதிய சட்டம் அமலுக்கு வந்தது. ஒரு விளையாட்டு பிறக்க வேண்டுமென்றால் இன்னொன்று சாக வேண்டும். எதைக் கொல்வது என்று அண்ணனும் தங்கையும் காலையில் கூடிப் பேசுவார்கள். பேச்சு கைகலப்பில் முடியும். தங்கைக்குப் பிடித்த பூனை விளையாட்டை அண்ணன் இரவோடு இரவாக நீக்கிவிட, விடிந்ததும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஒப்பாரி. கருவியோடு வந்த எட்டு விளையாட்டுகள் இருந்தன. யாரும் சீண்டாதவை. அவற்றை நீக்கவே முடியாது. கல்யாண வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நடுக்கூடத்தில் பாய் விரித்த உறவினர்கள் அவை.

அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். 32 எங்கே? மொத்தம் 29.8 என்று காட்டியது. இது மட்டும் ஏமாற்று இல்லை என்று பிறகு புரிந்தது. விற்கிறவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 32 என்கிறார். பல கருவிகள் 1024, 1024 ஆகப் பெருக்கி அளக்கின்றன. ஒரே அரிசியை இரண்டு படியில் அளந்த கதை. ஆனால் அந்த 29.8-லும் கருவியை ஓட்டுகிற மென்பொருளான இயங்குதளமும் அந்த எட்டு உறவினர்களும் போக, எங்களுக்கென்று மிஞ்சியது 15-க்குக் கொஞ்சம் மேல். மச்சான் மகனைக் கேட்டேன். 2017-இல் ஸ்விட்ச் வந்தபோது அதற்குள்ளும் 32 ஜிபிதானாம். புழங்க ஏறத்தாழ 26 கிடைக்குமாம். "ஆனால் மாமா, என் விளையாட்டெல்லாம் கசக்கிற அட்டையில் இருக்கிறது" என்றான். கசப்புக்கும் ஒரு மரியாதை வந்தது அப்போது.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் விசைப்படகில் போனவர். "பெட்டி எத்தனை என்று கேட்டு வாங்கினாய். ஐஸ் எத்தனை என்று கேட்டாயா?" என்றார்.

நான் விழித்தேன். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த மீன் பெட்டியை நிமிர்த்திக் காட்டினார். அடியில் ஒரு சாண் உடைத்த ஐஸ், மேலே ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன். நம் வெயிலுக்கு மீன் எவ்வளவோ ஐஸும் அவ்வளவு போட வேண்டும். "நூறு கிலோ பெட்டியில் நூறு கிலோ மீன் வரும் என்று எந்த வியாபாரியாவது பணம் கொடுப்பானா? ஐஸ் இல்லாமல் மீன் நிற்காது. உன் டப்பாவிலும் ஏதோ ஒன்று ஐஸ் மாதிரி கிடக்கும்." கணினி படித்த எனக்கு இயங்குதளம் என்றால் என்ன என்பதை, கணினியைத் தொட்டே பார்க்காதவர் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிட்டார்.

சரி, வெளியே ஒரு பெட்டியை வைப்போம் என்று மெமரி கார்டு வாங்கத் தீர்மானித்தேன். விற்பனைப் பக்கத்தில் 128 ஜிபி வரை கார்டு போடலாம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. உச்சிப்புளி வழியாக ராமநாதபுரத்துக்குப் பஸ் பிடித்துப் போய், எண்ணூற்றுச் சொச்சம் கொடுத்து 128 ஜிபி கார்டு ஒன்று வாங்கி வந்தேன். 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். சட்டைப் பையில் போட்டால் தையலுக்குள் ஒளிந்துகொள்கிறது. வீட்டுக்கு வந்து பிரிக்கையில் கை நழுவி, அம்மா முற்றத்தில் காயப்போட்டிருந்த நெத்திலிக்குள் விழுந்தது. குடும்பமே குனிந்து, ஒவ்வொரு நெத்திலியாகப் புரட்டித் தேடினோம். கடைசியில் மீட்டது காக்கையை விரட்ட வந்த சின்னவள்.

துடைத்துச் செருகினேன். "இந்த கார்டை ஏற்க முடியாது" என்றது கருவி. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை அப்போதுதான் பிரித்தேன். எறும்பு எழுத்தில் இருந்தது: 32 ஜிபி வரை மட்டும். எஸ்டிஹெச்சி வகை கார்டு 32 வரைதான் வரும்; அதற்கு மேலே போனால் எஸ்டிஎக்ஸ்சி என்ற வேறு வகை. இந்தக் கருவிக்கு முதல் வகையோடு படிப்பு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பியின் பழைய 32 ஜிபி கார்டைப் போட்டுப் பார்த்தோம். ஏற்றுக்கொண்டது. ஆனால் புகைப்படங்கள் மட்டும் அதற்குள் குடிபோயின. விளையாட்டுகள் ஒன்றுகூட இடம் பெயர மறுத்துவிட்டன.

திருப்பி அனுப்புவது என்று முடிவெடுத்தேன். கைப்பேசியில் காரணம் கேட்டு ஒரு பட்டியல் வந்தது. உடைந்து வந்தது, வேறு பொருள் வந்தது, தாமதமாக வந்தது. இடம் போதவில்லை என்று ஒன்றும் இல்லை. இருப்பதில் நெருங்கியது "அளவு பொருந்தவில்லை" என்பது. அழுத்தினேன். மாலையில் ஒரு பெண் அழைத்து, மிகுந்த பணிவோடு, "ஒரு அளவு பெரியதாக அனுப்பட்டுமா, சார்? இறுக்கமாக இருக்கிறதா?" என்று கேட்டார். இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றேன். இடுப்பிலா தோளிலா என்றார்.

விஷயம் புரிந்ததும் அவர் குரல் மாறியது. ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம், பணம் கிடைக்காது என்றார். மாற்றினால் என்ன வரும்? அதே 32, அதே எட்டு உறவினர்கள்.

மதினி ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் தட்டச்சு செய்கிறார். "விளம்பரத்தில் 128 என்று இருந்ததா? முதலில் அதைப் படம் பிடித்து வையுங்கள், தம்பி" என்றார். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் விற்றவர் அதைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. ஆக, உள்ளே இருக்கும் 32 போதவில்லை என்று புலம்பினால் எடுபடாது. அது போட்டபடி இருக்கிறது. என் கணக்குத்தான் பிசகு. கார்டு விஷயத்தில் அவர்கள் சிக்கினார்கள். மறுநாள் அழைத்து, படத்தை அனுப்பி, விதியைச் சொல்லி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதையும் பேச்சுவாக்கில் உச்சரித்தேன். நான்கு நிமிடம் இசை ஒலித்தது. பிறகு, "பணம் வரும், சார். மூலப் பெட்டியோடு தயாராக வையுங்கள்" என்றார்கள்.

மூலப் பெட்டி! அம்மாவிடம் கேட்டேன். "அந்த நல்ல அட்டைப் பெட்டியா? ஈ போகாது என்று நெத்திலியைப் போட்டு வைத்திருக்கிறேன், மதுரைக்கு அனுப்ப" என்றாள். கொட்டிவிட்டு இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். வாடை இன்னும் கெட்டிப்பட்டது. விபூதி போட்டுத் துடைத்தோம். பிரசாதம் பூசிய கருவாடு போல் மணந்தது.

பொருளை எடுத்துப்போக வந்த இளைஞர் பெட்டியைத் திறந்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று கைப்பேசியைத் தூக்கினார். இரண்டாவது படத்தில் நின்றுவிட்டார். என் மகன் எட்டிப் பார்த்து, பழகிய குரலில் வாசித்தான்: "சேமிப்பிடம் போதவில்லை."

கைப்பேசியை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தான். இந்தச் சில நாளில் அவனுக்கு வந்திருந்த அனுபவம் சாதாரணமானதல்ல. ரோஜாப்பூ வைத்த காலை வணக்கப் படங்கள் மட்டும் 1,900-க்கு மேல். "இது வேண்டுமா, அண்ணா? இது? இது வேண்டாம்தானே?" தாசில்தார் மாதிரி விசாரித்து விசாரித்து நீக்கினான். அவரும் பவ்யமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்பா உள்ளே பார்த்து, "ஐஸை இறக்குகிறான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

படங்கள் போய்ச் சேர்ந்தன. இளைஞர் பெட்டியைப் பைக்குள் வைக்கப் போனவர், மறுபடி ஒரு தடவை முகர்ந்து பார்த்து, "ஆத்தா, நெத்திலி கிலோ என்ன விலை?" என்றார்.

அம்மா அரைக் கிலோவைப் பொதிந்து கையில் கொடுத்தாள். "நான் திரும்ப வாங்கமாட்டேன், தம்பி. இப்போதே பார்த்துக்கொள்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.