உயரமாய் ஓடிவிட்ட அகாமட்சு

அக்டோபர் 14

டோக்கியோவுக்கு அருகே ஓமியாவில், தொட்டிக் குறுமரங்கள் வளர்க்கும் பொன்சாய்க் கிராமத்தை ஒட்டிய ஒரு நாற்றங்காலில், வேலியோரம் ஒதுக்கி வைத்திருந்த அகாமட்சு இன்று வீட்டுக்கு வந்தது. ஜப்பானின் சிவப்புப் பைன். உயரம் 80 செ.மீ. அதில் அடியிலிருந்து 52 செ.மீ. வரை ஒரு கிளை இல்லை, ஓர் ஊசி இலை இல்லை. அடித்தண்டின் குறுக்களவு 3 செ.மீ.தான். நெருக்கி நட்ட வரிசையில் வெளிச்சத்துக்காக மேலே மேலே போயிருக்கிறது. நிழலில் காய்ந்து உதிர்ந்த கீழ்க்கிளைகளின் வடுக்கள் தண்டு நெடுக இருக்கின்றன.

விற்ற பெரியவர் தானாகவே விலையைக் குறைத்துச் சொன்னார். தண்டின் மேல்பாதியில் செதில் செதிலாக உரியும் செம்பட்டை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

அக்டோபர் 17

தேனியிலிருந்து அப்பா வீடியோவில் பார்த்தார். "இம்புட்டு ஒசரம் எதுக்குப்பா? நடுவுல வெட்டி விடு, பக்கத்துல தழைஞ்சிரும்" என்றார். வருஷா வருஷம் முருங்கையை வெட்டிவிட்டுத் தழைக்க வைத்தவர். முருங்கையின் கட்டையை எங்கே வெட்டினாலும் துளிர்க்கும். பைன் மரத்தில் ஊசி இலை இருக்கும் இடம்வரைதான் வெட்டலாம். இலையில்லாத பழைய கட்டைவரை வெட்டினால் அதற்குக் கீழே துளிர் வராது, மரமே போய்விடும். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "என்ன மரம்டா அது!"

ஆகவே குட்டையாக்க வெட்டுவது என்ற வழி முதலிலேயே அடைபட்டது. மிச்சம் மூன்று.

ஒன்று, கீழே ஒட்டுப்போடுவது. குளிர்காலக் கடைசியில் அடித்தண்டில் ஒட்டுக்குச்சி செருகி, பிடித்தால் அதைக் கிளையாக வளர்த்து, பிறகு மேலே உள்ளதை எடுத்துவிடலாம். பல வருடம் பிடிக்கும். அதற்குப் பிறகும் 3 செ.மீ. தண்டு 3 செ.மீ. தண்டுதான். ஒரு நல்ல நாற்றை வாங்கி முதலிலிருந்து வளர்த்தால் இதைவிடச் சீக்கிரம் சேரலாம்.

இரண்டு, தண்டையே வளைத்து மடக்கி, உச்சிப் பச்சையைத் தொட்டி விளிம்புக்குக் கொண்டுவருவது. 3 செ.மீ. தண்டு ராஃபியா நாரும் தடித்த கம்பியும் சுற்றினால் வளையும். ஆனால் நாரை இறுக்கிச் சுற்றி அவிழ்க்கும்போது அந்தச் செதில் பட்டை அதனோடு உரிந்து வந்துவிடும். எதைப் பார்த்து வாங்கினேனோ அதையே தொலைப்பதா?

மூன்று, இந்த நீளத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு புன்ஜின் பாணியில் அமைப்பது. மெல்லிய நெடுந்தண்டு, உயரத்தில் ஒன்றிரண்டு கிளைகள், அவ்வளவே இலை. சீன மை ஓவியங்களில் மோகம் கொண்ட பழைய ஜப்பானியப் படிப்பாளிகளின் ரசனையிலிருந்து வந்தது. எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்பதாலேயே எனக்குத் தயக்கம். ஒல்லியாக, உயரமாக இருப்பதெல்லாம் புன்ஜின் ஆகிவிடாது. தண்டின் ஓட்டத்தில் கண்ணை நிறுத்தும் ஏதாவது இருக்க வேண்டும். என் மரத்தின் அடிப்பாதியோ நேராக நிற்கிறது.

அக்டோபர் 22

கருயிசாவாவிலிருந்து உவேதாவுக்கு உள்ளூர் ரயிலில் போனேன். மட்சுடாகே காளான் பருவம். அது முளைப்பது பெரும்பாலும் அகாமட்சுவின் வேரோடுதான், அதனால் நாகானோ மலைச்சரிவுகளில் இந்த மரத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். தோப்பில் நிற்கும் அகாமட்சு எல்லாமே என் மரம் மாதிரிதான்! நெடுகச் செந்தண்டு, உச்சியில் மட்டும் ஒரு பச்சைக் கொத்து. ஒளியை அப்படி விரும்பும் மரம். நிழல் விழுந்த கிளையை அது வைத்துக்கொள்வதில்லை. அந்தச் சரிவில் எதுவுமே விளம்பரப் பட முக்கோண மரமாக இல்லை. என் மரத்தின் வெறுந்தண்டைக் குறையென்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த ரயிலில் முழுசாக விலகிவிட்டது. சரிவின் ஓரத்து மரங்கள் பள்ளத்தின் பக்கம் சாய்ந்து போய், பிறகு நிமிர்கின்றன. அதைக் குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 11

ஓமியா பொன்சாய் அருங்காட்சியகம். ஜப்பானிய அறைகளை மூன்று தரமாக, சடங்கு நிறைந்ததிலிருந்து எளிமையானது வரை, அமைத்து ஒவ்வொன்றிலும் ஏற்ற மரத்தை வைக்கிறார்கள். தடித்த பைன்களுக்கு முதல் அறை. புன்ஜின் மரங்கள் போய்ச் சேருவது கடைசியான எளிய அறைக்கு. எனக்கு எப்போதும் அந்த அறைதான் பிடிக்கும்.

வெளியே வந்து கிராமத் தெருக்களில் நடந்தேன். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவின் டாங்கோசாகா பக்கத்திலிருந்து பொன்சாய்க்காரர்கள் இடம் தேடி வந்து 1925-இல் இந்தக் கிராமத்தைத் தொடங்கினார்கள். குடியேற விதி வைத்திருந்தார்கள்: வீட்டில் பத்துப் பொன்சாயாவது இருக்க வேண்டும், மாடி கட்டக்கூடாது, மதிலுக்குப் பதில் உயிர்வேலி, வாசல் யாருக்கும் திறந்திருக்க வேண்டும். மாடி கூடாது என்பதில்தான் எத்தனை கரிசனம். பக்கத்து வீட்டுச் செடிக்கு வெயில் மறையக்கூடாதே.

நவம்பர் 19

விடை தொட்டிக்கு அடியில் இருந்தது. ஒரு பக்கம் மரக்கட்டை கொடுத்துத் தொட்டியைச் சுமார் 25 பாகை சாய்த்தேன். விறைத்து நின்ற அடித்தண்டு சரிவில் நிற்பது போல் இடப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது, 30 செ.மீ. உயரத்தில் பழைய கிளை ஒடிந்த இடத்திலிருக்கும் முடிச்சில் திரும்பி மேலே எழுகிறது. சாய்க்காதபோது அந்த முடிச்சு வெறும் கோணல். இப்போது மொத்த மரமும் அதில்தான் திரும்புகிறது.

வெட்டவில்லை, வளைக்கவில்லை. கோணம் மட்டும் மாறியது.

டிசம்பர் 3

கிளைகள். இடப்பக்கம் தடித்த ஒன்று, வலப்பக்கம் மெலிந்து தொங்கும் ஒன்று, பின்பக்கம் ஒன்று, உச்சியில் போட்டி போடும் இரண்டு நுனிகள். பலமான இடக்கிளையை வைத்துக்கொண்டு மற்றதைக் குறைப்பதென்றுதான் எண்ணியிருந்தேன். மரத்தைக் காரில் ஏற்றி நாற்றங்காலுக்குக் கொண்டுபோனேன். பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அந்தத் தடித்த கிளையை மூடினார். "இது இல்லையென்றால் என்ன குறைகிறது, சொல்லுங்கள்" என்றார்.

குறையவில்லை. தண்டைவிட அது முரடு. முடிச்சிலிருந்து எழும் ஓட்டத்தை அங்கேயே மறித்துவிடுகிறது. துண்டுக்கு மேலே செம்பட்டை தடையில்லாமல் ஓடியது. வலப்பக்க மெலிந்த கிளை, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் இறங்கி மரத்தைத் தாங்குவது போல் இருந்தது.

அங்கேயே வெட்டினோம். 4 செ.மீ. குச்சியை மட்டும் விட்டுப் பட்டையை உரித்து, வெளுத்த பட்டகட்டை போல் நிற்கும் ஜின் ஆக்கினேன். காய்ந்த பிறகு கந்தகச் சுண்ணாம்புக் கரைசல் பூச வேண்டும். நேராக நின்ற உச்சி நுனியும் போனது. கையெல்லாம் பிசின் வாசனை, சோப்புக்கு அடங்கவில்லை.

டிசம்பர் 10

கம்பி சுற்றினேன். வலக்கிளைக்குப் பதமாக்கிய செம்புக் கம்பி, சிறு கிளைகளுக்கு மெல்லியது. வலக்கிளை தண்டோடு சேரும் இடத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். கொஞ்சம் தள்ளி வளைத்தால் செயற்கையாகத் தெரிகிறது. இந்த ஒரு வளைவுக்கே மாலை முழுவதும் போனது. நுனியை மட்டும் லேசாக நிமிர்த்தி விட்டேன். தண்டில் கம்பியே இல்லை.

பிப்ரவரி 10

டோக்கியோவின் உவேனோவில் கொகுஃபு பொன்சாய்க் கண்காட்சி, 1934 முதல் நடப்பது. பெரிய மரங்களுக்கு முன்னால்தான் கூட்டம். அகாமட்சு புன்ஜின் ஒன்றின் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்: மெருகிடாத, விளிம்பு ஒழுங்கற்ற, நான்பான் எனப்படும் சிறிய வட்டத் தொட்டி. அடி அத்தனை சிறிதாக இருப்பதால்தான் மேலே அவ்வளவு உயரம் பொருந்துகிறது.

மார்ச் 20

தொட்டி மாற்றும் பருவம். கை துறுதுறுக்கிறது, ஆனால் இந்த வசந்தத்தில் வேரைத் தொடப்போவதில்லை. பச்சையில் பாதிக்கு மேல் எடுத்தாகிவிட்டது, கம்பியும் சுற்றியாகிவிட்டது. வேரையும் குறைத்தால் அகாமட்சு தாங்காது, கறுப்புப் பைனான குரோமட்சு அளவுக்கு அதற்கு முரட்டுபலம் கிடையாது. அதே பிளாஸ்டிக் தொட்டி, கீழே அதே மரக்கட்டை. அடுத்த மார்ச்சில் 18 செ.மீ. வட்டத் தொட்டிக்கு இந்தச் சாய்வோடு மாற்றுவேன். வேருக்கு உதவும் வெண்பூஞ்சை படர்ந்த பழைய மண்ணில் பாதியை வைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு அகாதாமா என்ற களிமண் குருணையும் கிரியு மணலும்.

ஏப்ரலிலிருந்து கடுகுப் பிண்ணாக்கு உருண்டை. கோடைத் தொடக்கத்தில் புதுத்தளிரை வெட்டி ஊசியைக் குட்டையாக்கும் மெகிரி இந்த ஆண்டு கிடையாது. ஊசிகள் நீளமாகவே வளரட்டும். பின்கிளை வேண்டுமா என்பது இன்னும் தெளியவில்லை. இலையுதிர்காலத்தில் கிளைகள் பருக்கும்போது கம்பி பதிகிறதா என்று எப்படியும் பார்க்க வேண்டும், அப்போது பின்கிளையின் மேலும் ஒரு துண்டைப் போட்டுப் பார்ப்பேன்.