பெரட்டுக்கு வராதவர்கள்

நான் எழுதிய முதல் கதையில் கொலைகாரக் குடும்பம், தோட்டத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் குடியிருந்தது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் புறப்பட்ட நான்கு பேர், சுங்கக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையில் இறங்குகிறார்கள். ஈப்போவைத் தாண்டி, சுங்கை சிப்புட்டை நெருங்கும்போது கார் படுத்துவிடுகிறது. செம்பனை எனப்படும் எண்ணெய்ப் பனைகளுக்கு நடுவே ஒரு விளக்கு தெரிகிறது. கதவைத் திறக்கும் அம்மாள் முகம் கழுவத் தண்ணீர் கொடுத்துச் சோறும் போடுகிறாள். உள்ளே போன நால்வரில் ஒருத்திதான் மிஞ்சுகிறாள், அவளும் நாற்காலியில் கட்டுண்டு கிடக்கிறாள். பதினெட்டு நிமிடக் குறும்படம். கையிலிருந்த சேமிப்பு ஒன்பதாயிரம் ரிங்கிட். பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் இடம் தேடி அலைய வேண்டாம், ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஏழு மாதம் ஆயிற்று.

கதையின் விதை எங்கள் ஊருடையது அன்று. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பென்டர் என்றொரு குடும்பம் இருந்தது. தாய், தகப்பன், மகன், மகள் என்று நான்கு பேர். 1871 முதல் 1873 வரை வழிப்போக்கர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுக்கும் விடுதி ஒன்றை நடத்தினார்கள். விடுதி என்றால் ஒற்றை அறைதான். நடுவில் வண்டிக்கு மூடும் கித்தான் துணியைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். (கித்தான் வேறு, எங்கள் ஊர்க் கித்தா வேறு. கித்தா என்றால் இங்கே ரப்பர்.) விருந்தாளியைத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார வைப்பார்கள். பின்னாலிருந்து சுத்தியல் இறங்கும். தரையில் ஒரு கதவு, அதன் கீழே நிலவறை. மகள் கேட், நோய் தீர்ப்பதாகவும் ஆவிகளோடு பேசுவதாகவும் விளம்பரம் செய்துகொண்டவள். வில்லியம் யார்க் என்ற மருத்துவர் காணாமல் போய், அவருடைய உடன்பிறந்தவர்கள் தேடி வந்த பிறகுதான் சந்தேகம் முற்றியது. அதற்குள் குடும்பமே மாயமாகிவிட்டது. வீட்டையொட்டிய ஆப்பிள் தோட்டத்தைத் தோண்டினால் பிணங்கள். கொல்லப்பட்டவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது என்பார்கள். அந்த நால்வர் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது சுத்தியல் இல்லை, திரைதான். எங்கள் லயத்து வீடுகளிலும் கூடத்துக்கும் குசினி என்கிற சமையலறைக்கும் நடுவே ஒரு பழைய சேலை தொங்கும். செட்டுப் போடும் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தேன்.

அனுமதி வாங்கிய படலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் படம் தயாரிக்க ஃபினாஸ் என்ற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் உரிமம் வேண்டும், அது 1981ஆம் ஆண்டுச் சட்டம். சமூக ஊடகத்தில் போடும் காணொளிக்குமா உரிமம் என்று 2020இல் பெரிய சர்ச்சையே நடந்தது. எங்கள் கதைக்கு அந்த ஆராய்ச்சி எதற்கு என்று, ஏற்கெனவே உரிமம் வைத்திருந்த நண்பனுடைய நிறுவனத்தின் பெயரில் வேலையைத் தொடங்கினோம். தோட்ட அலுவலகம்தான் அலைக்கழித்தது. முதல் கடிதம் காணாமல் போயிற்று. இரண்டாவது கடிதத்துக்கு ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற பதில் ஐந்து வாரம் தொடர்ந்து கிடைத்தது. ஆறாவது வாரம், கதைச் சுருக்கத்திலிருந்த ‘கொலை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குடும்பக் கதை’ என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று நாளுக்கு அனுமதி வந்தது. பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. குடும்பக் கதைதானே!

அந்தத் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டுப் பல காலம் ஆகிறது. லயத்தில் பாதிக்கு மேல் கூரை இறங்கிக் கிடக்கிறது. ஆறு குடும்பங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி, எண்பது வயதைத் தாண்டியவர். அவருடைய வீட்டைத்தான் கேட்கப் போனேன். கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, “கதை என்ன தம்பி?” என்றார். சொன்னேன். திரை வரைக்கும் கேட்டார்.

“எங்கள் வீட்டுத் திரைக்குப் பின்னால் அடுப்புதான் இருக்கிறது. வேண்டுமானால் விலக்கிப் பார்.”

விலக்கிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ‘இது கற்பனை பாட்டி, அமெரிக்காவில் நடந்தது’ என்று ஏதோ உளறினேன்.

“அமெரிக்காவில் நடந்ததை அமெரிக்காவிலேயே எடு. பட்டணத்துக்காரன் ஏற்கெனவே தோட்டத்துக்காரன் என்றாலே குடிகாரன், வெட்டுக்குத்து என்கிறான். நீ இந்த லயத்தில் பிறந்தவனா, இல்லையா?”

கோப்பி ஆறிப்போயிற்று. மறுநாள் பார்த்தால் மற்ற ஐந்து வீடுகளின் கதவும் எனக்குச் சாத்தியிருந்தன. கொலைகார அம்மாளாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த அக்காள் ஒருவர், மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இது வேண்டாம் என்று நாசூக்காக விலகிக்கொண்டார். இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாவது முறை போனபோது நான் கதையைப் பேசவில்லை, பாட்டிதான் பேசினார். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத்தில் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையொட்டி நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சிதறிக் கிடந்த மக்களைக் காவலுக்குள் குடியேற்ற 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டமும் இருக்கிறது. பாட்டி சொன்னது அந்தப் புத்தகத்தில் இல்லை. சிதறிக் கிடந்த லயங்களைக் கலைத்து ஒரே இடத்தில் குடியேற்றி, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். இருட்டினால் கேட் மூடப்படும். விடியற்காலையில் ரப்பர்ப் பால் வெட்டப் போகும் அம்மாவின் சோற்றுத் தூக்கைக் கேட்டில் நிற்பவன் திறந்து விரலால் கிளறிப் பார்ப்பான், காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு அரிசி போகிறதா என்று. “கிளறிய சோற்றை அம்மா தின்ன மாட்டாள். அப்படியே திரும்பக் கொண்டுவருவாள். சாயங்காலம் நாங்கள் தின்போம்.” இதைச் சொல்லும்போது பாட்டியின் வலதுகை ஆட்காட்டி விரல் தானாகவே வளைந்து, இல்லாத சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். “வருகிறவனைப் பிடித்து வைக்கிற வீடு என்றால், அது லயமாகவா இருக்கும்? பெரட்டுக்கு ஆள் சேர்த்தவன் எங்கே குடியிருந்தான்?”

பெரட்டு என்பது விடியுமுன் தோட்டத்தில் ஆள் எண்ணும் கூட்டம். தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள், எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும், தோட்டத்துக் கணக்கெழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் குறிப்பார். வராதவனுக்கு அன்றைய கூலி இல்லை. அன்றிரவே கதையைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன். புதிய கதையில் தோட்டம் மூடி முப்பது வருடம் ஆகிறது. ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கிராணி குடும்பம் மட்டும் பங்களாவில் தங்கிவிட்டது. தாத்தா இன்னும் தினமும் தண்டவாளத்தைத் தட்டுகிறார், செக்ரோலில் காலியாகக் கிடக்கும் வரிசைகளை நிரப்ப ஆள் வேண்டும். வழி தவறி வந்தவர்களுக்குப் போட்ட சோற்றைப் பற்று எழுதி, கடனைக் கழிக்கும்வரை போகக்கூடாது என்கிறார்கள். மூன்று நாள் பெரட்டுக்கு வராதவனுக்குத்தான் திரைக்கு முன்னால் இலை போடுவார்கள். பென்டர் குடும்பத்திலிருந்து கடைசியில் மிஞ்சியது அந்தத் திரை மட்டுமே.

பாட்டியிடம் படித்துக் காட்டினேன். “கங்காணிக்கும் ஒரு வேடம் போடு” என்றார். கங்காணி வைத்து ஆள் பிடிக்கும் முறை 1938இலேயே முடிந்துவிட்டது, கதையின் காலத்துக்குப் பொருந்தாது என்று விளக்கினேன். “பேய்க்கு என்ன காலம்?” என்று கேட்டுவிட்டு, குசினி வாசலில் தொங்கிய சேலையை உருவி என் கையில் கொடுத்தார். பச்சையில் மஞ்சள் கரை, வெளுத்துப்போன நூல் சேலை.

இனி படப்பிடிப்பு. ஆளைக் கட்டிப்போடும் காட்சி எடுக்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது கவனித்துப் படிக்க வேண்டும்.

கட்டுண்டு கிடப்பவளாக நடித்தவள் என் அக்காள் மகள். முதல் தடவை நிஜமாகவே கயிற்றை இறுக்கிவிட்டோம், முகத்தில் வலி தெரிய வேண்டும் என்ற முட்டாள்தனம். வெளிச்சம் சரியில்லை, ஒலி சரியில்லை என்று நேரம் ஓடியது. கட்டை அவிழ்த்தபோது அவளுடைய விரல் நுனிகள் வெளுத்திருந்தன. பேனாவைக் கொடுத்தேன், பிடிக்க முடியவில்லை. கால் மணி நேரம் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தோம். அக்காள் அங்கே இல்லாதது என் அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு கயிற்றைத் தளர்வாக நான்கு சுற்றுச் சுற்றி, நுனியை அவளுடைய கைப்பிடிக்குள்ளேயே வைத்தோம். இழுத்தால் எல்லாம் கழன்று விழும். வலியை அவள் நடித்தாள், நிஜத்தைவிட நன்றாகவே இருந்தது. கத்தரிக்கோலோடு ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்பார், அவருக்கு வேறு வேலை கிடையாது. படப்பிடிப்பை நிறுத்துவதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘விடுங்கள்’, ‘போதும்’, ‘வலிக்கிறது’ எல்லாம் வசனத்திலேயே வருவதால் எது நிஜம் என்று தெரியாது. ‘வெண்டைக்காய்’ என்று முடிவு செய்தோம். வாயைக் கட்டியிருக்கும்போது வலது காலால் தரையை மூன்று முறை தட்ட வேண்டும். மூன்று நாளில் ஒரே ஒரு வெண்டைக்காய்தான் கேட்டது, அதுவும் அவள் முதுகில் எறும்பு ஏறியதால்.

எறும்புக்குக் காரணமும் நான்தான். ரத்தத்துக்கு ரோஸ் சிராப், சோள மாவு, நிறம் அடர்வதற்குக் கொஞ்சம் இனிப்புக் கிச்சாப், அதாவது சோயா சாஸ். பார்க்க அசல் ரத்தம். ஆனால் தோட்டத்தில் இனிப்பைக் கொட்டினால் என்ன ஆகும் என்று லயத்தில் பிறந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அரைமணி நேரத்தில் செத்துக் கிடந்தவன் எழுந்து ஓடினான். அடுத்த நாள் நாற்காலிக் கால்களை மங்குகளில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். ரப்பர்ப் பால் பிடித்த பழைய மங்குகள் லயத்துப் பின்புறத்தில் புதைந்து கிடந்தன. மரம் போய்விட்டது, மங்கு கிடக்கிறது.

ஜெனரேட்டர் தருவதாக முன்பணம் வாங்கியவர் கடைசிவரை வரவில்லை. அதனால் இரண்டாம் இரவு காரின் முன்விளக்கிலும் மூன்று தலைவிளக்குகளிலும் எடுத்தோம். அந்த இரவுதான் பெரிய அலறல். காவல் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தோம், ஆறு குடும்பங்களுக்கும் சொல்லிவைத்திருந்தோம். குலை வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளர்களின் குடியிருப்புக்குச் சொல்ல மறந்துவிட்டோம். இரண்டாவது அலறல் முடிவதற்குள் மூன்று பேர் செம்பனைக்குள்ளிருந்து ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் நீண்ட கழியில் மாட்டிய அரிவாள். பங்களா வாசலில் தலைவிளக்கு வெளிச்சத்தில் அவர் நின்ற கோலம் நான் எழுதிய எந்தக் கொலைகாரனையும்விடப் பயங்கரமாக இருந்தது. எங்கள் கிராணி தாத்தா செக்ரோலைக் கீழே போட்டுவிட்டு மேசைக்கடியில் புகுந்தார்.

கடிதத்தைக் காட்டினேன், கேமராவைக் காட்டினேன். அரிவாள்காரர் எதையும் பார்க்கவில்லை. நேராக அக்காள் மகளிடம் போய், யாருக்கும் பயப்பட வேண்டாம், உண்மையைச் சொல் என்று மலாயில் கேட்டார். அவள் கயிற்றின் நுனியை இழுத்து எழுந்து நின்று, நடிப்புதான் என்று சொன்ன பிறகும் அவளுடைய கையைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், ரத்தத்தைத் தொட்டு முகர்ந்தார். ‘சிராப்’ என்று மற்ற இருவரிடமும் சொன்னார். காலை ஐந்தரைக்கு வேலை, சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அதற்குமேல் யாருக்கும் அலற வரவில்லை.

மூன்றாம் நாள் பெரட்டு. கோயிலில் கிடந்த தண்டவாளத் துண்டை மரத்தில் கட்டி, ஐந்தரை மணி இருட்டில் தட்டினோம். எண்ணி ஏழு அடி. நடிகர்கள் வரிசைக்கு வருமுன் லயத்தில் விளக்கு எரிந்தது. பாட்டி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். கேமராவைத் திருப்பலாமா என்று ஒளிப்பதிவு செய்த நண்பன் கண்ணால் கேட்டான். வேண்டாம் என்றேன். ஒரு நிமிடம் நின்றார், பிறகு துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சேலையைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சிராப்பின் சாயம் கரையோரம் உள்ளங்கையளவு பிடித்துக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. பட்டணத்தில் வாங்கிய புதுச் சேலையையும் கூடவே நீட்டினேன். பாட்டி புதியதைப் பெட்டியில் வைத்தார். பழையதை உதறி, கறை அடுப்புப் பக்கம் போகும்படி திருப்பி, குசினி வாசலில் மறுபடியும் மாட்டினார். “உட்கார், கோப்பி கலக்குகிறேன்” என்றார். திரைக்கு எதிரே முகம் பார்த்தபடி உட்கார்ந்தேன்.