ஆச்சி ஆட்டிய மாவு

ஜூன் மாதம் டோக்கியோவில் மழை பிடித்தால் லேசில் விடாது. ஊரிலிருந்து அம்மா வந்திருந்த நேரம் பார்த்து மூன்று நாள் ஊற்றியது. துணி காயவில்லை, வெளியே போக வழியில்லை, டிவியில் ஓடுகிற ஜப்பானிய நாடகத்தில் ஒரு வார்த்தை புரியாமல் அம்மா சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று அலமாரி மேலிருந்த நிண்டெண்டோ 64 என்ற பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கினேன். ஒரு பழைய சாமான் கடையில் "ஓடினால் உன் அதிர்ஷ்டம்" ரகப் பெட்டிக்குள் கிடந்தது அது. கூட வந்த கார்ட்ரிட்ஜ், அதாவது கேம் கேசட், 1998 டிசம்பரில் இங்கே வெளியான முதல் மரியோ பார்ட்டி.

கன்ட்ரோலரை அம்மா கையில் கொடுத்தேன். "என்னல இது, மாட்டு மடி மாதிரி மூணு காம்பு?" இத்தனை வருஷத்தில் அந்தக் கன்ட்ரோலருக்கு இதைவிடச் சரியான வர்ணனையை நான் கேட்டதில்லை.

தாயம் மாதிரிதான் என்று சொல்லி உட்கார வைத்தேன். தலைக்கு மேல் சுழலும் கட்டையைக் குதித்து முட்டினால் 1 முதல் 10 வரை ஏதாவது விழும், 20 காசு கொடுத்தால் ஒரு நட்சத்திரம், நாலு பேரும் நகர்ந்து முடித்ததும் ஒரு குட்டி விளையாட்டு. ஆட வைத்திருந்த பொம்மைகளில் யோஷி என்ற பச்சை உருவத்தை அம்மா எடுத்துக்கொண்டாள். பல்லி விழுந்தால் பலன் உண்டாம். அது டைனோசர் என்று என் மகன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

நாங்கள் எடுத்தது காட்டுப் பலகை. அதில் சில கேள்விக்குறிக் கட்டங்களில் நின்றால் பெரிய பாறை உருண்டு வந்து நம்மைத் துரத்திவிடும். அம்மா அதிலேயே போய்ப் போய் நின்றாள். குட்டி விளையாட்டுகளிலும் எந்தப் பித்தானை அழுத்துவது என்று கேட்டு முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும்.

அப்புறம் வந்தது கயிறு இழுக்கும் போட்டி. அம்மா ஒரு பக்கம்; நான், மனைவி, மகன் மூவரும் மறுபக்கம். கன்ட்ரோலரின் நடுக் குச்சியை வேகமாகச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். மகன் உள்ளங்கையை வைத்துத் தேய்க்கப் போனான், தடுத்தேன். இப்படித் தேய்த்து அமெரிக்காவில் பிள்ளைகளுக்குக் கை கொப்பளித்து, நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் வரை விஷயம் போய், 2000-இல் வீட்டுக்கு 4 வரை கையுறை தருவதாக நிண்டெண்டோ ஒப்புக்கொண்டது. இரண்டாம் பாகத்தில் குச்சி சுற்றும் வேலையையே எடுத்துவிட்டார்கள். நான் இந்த வரலாற்றை விளக்கி முடிக்கவும் போட்டி தொடங்கவும் சரியாக இருந்தது.

அம்மா கன்ட்ரோலரைத் தரையில் வைத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் குச்சியின் தலையைப் பிடித்துச் சுற்றினாள், அவசரமே இல்லாமல், ஒரே சீராக. எங்கேயோ பார்த்த சுற்று ஆயிற்றே என்று யோசித்தால், ஆட்டுக்கல்! இடது கை பழக்க தோஷத்தில் இல்லாத மாவை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் விரல் வலிக்கச் சுற்றியும் பள்ளத்தில் விழுந்தோம். "உளுந்துக்கு இதைவிட நேரமாகும்" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா கையில் காசு புழங்க ஆரம்பித்தது. கடைசிச் சுற்றுகளில் பேயிடம் போய்ச் சேர்ந்தாள். நம்மூர்ப் பிள்ளைகள் 'பூ' (Boo) என்று சொல்லும் அந்தப் பேய்க்கு ஜப்பானில் டெரேசா என்று பெயர். 50 காசு கொடுத்தால் அடுத்தவர் நட்சத்திரத்தைத் திருடித் தரும். என்னிடம் மூன்று, மனைவியிடம் ஒன்று, மகனிடம் ஒன்றுமில்லை. மனைவியிடம் கை வைக்கலாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

"மருமக கிட்ட எடுத்தா வீட்டுல நிம்மதி போயிரும். நீதானல நான் பெத்த பிள்ளை" என்று என்னுடையதை எடுத்துக்கொண்டாள். "அத்தை சொல்றது சரிதான்" என்றாள் மனைவி.

இரண்டுக்கு இரண்டு. காசில் நான்தான் முன்னால், அதனால் கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தேன். முடிவில் மூன்று போனஸ் நட்சத்திரம் தருவார்கள்: குட்டி விளையாட்டில் அதிகம் சம்பாதித்தவருக்கு ஒன்று, ஒரே நேரத்தில் அதிகக் காசு வைத்திருந்தவருக்கு ஒன்று, இரண்டும் மகனுக்குப் போயின. மூன்றாவது, கேள்விக்குறிக் கட்டத்தில் அதிகம் நின்றவருக்கு.

அன்றிரவு அம்மா பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசியது அடுத்த அறை வரை கேட்டது. "ஆமாக்கா, ஜப்பான்லயும் தாயம் இருக்கு. பாறை உருட்டி விட்டதுக்கெல்லாம் கடைசில நட்சத்திரம் தாராங்க. இவன்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்."