பத்து இலட்சம் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தோம்

மட்டக்களப்பில் உயர்தர ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) மாணவர்களுக்குப் பைதன் நிரல்மொழியில் முதலில் வரும் பயிற்சிகளில் ஒன்று, ஒரு எண்ணின் இலக்கங்களைக் கூட்டுவது. 10 ஆல் வகு, மீதியைக் கூட்டு, ஈவை வைத்துத் திரும்பச் செய். அதே பயிற்சியை 2^3321928 க்கு, அதாவது 2 இன் 3321928 ஆம் அடுக்குக்குச் செய்தோம். அதில் சரியாக 10,00,000 இலக்கங்கள்.

ஈவெடுக்க ஒற்றைச் சாய்கோடு (/) போட்டால் விடை மிதவைப் புள்ளி எண்ணாகிவிடும், அதாவது முன் இலக்கங்களை மட்டும் காக்கும் தசம எண்ணாகிவிடும். இவ்வளவு பெரிய எண்ணுக்கு ஓவர்ஃப்ளோ (கொள்ளளவு மீறல்) என்று பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லது. 20, 30 இலக்க எண்ணில்தான் ஆபத்து: பிழைச்செய்தியே வராது, கடைசி இலக்கங்கள் மட்டும் மாறிப்போகும். முழுவெண் ஈவையே தரும் // கட்டாயம்.

// போட்டாலும் நேரம் இழுக்கும். 64 பிட் பைதன் பெரிய முழுவெண்ணை 30 பிட் துண்டுகளாக வைத்திருக்கிறது. இந்த எண்ணுக்கு 1,10,731 துண்டுகள். ஒவ்வொரு வகுத்தலும் மிஞ்சியிருக்கும் எல்லாத் துண்டுகளையும் தொட்டுவர வேண்டும். எண்ணின் நீளம் இருமடங்கானால் வேலை நான்கு மடங்கு.

10 ஐ விட்டு 10^9 ஆல் வகுத்தோம். அது 2^30 ஐவிடச் சிறியது, ஒரே துண்டில் அடங்கும். அதனால் ஒரு நடைக்கு ஒன்பது இலக்கம் கையில் வரும். இங்கே பூச்சியத்தைக் கவனிக்க வேண்டும். 25000000007 ஐ 10^9 ஆல் வகுத்தால் ஈவு 25, மீதி 7. அப்படியே ஒட்டினால் 257. கூட்டுத்தொகைக்குப் பாதகமில்லை, எழுத்தாக்கும்போது மீதியை ஒன்பது இடத்துக்குப் பூச்சியம் நிரப்பியே ஒட்ட வேண்டும்.

நேரே எழுத்துச்சரமாக மாற்றலாமே என்றால், புதிய பைதன் 4300 இலக்கத்துக்கு மேல் மறுத்துவிடும். சேவையகங்களை முடக்கும் தாக்குதலைத் தடுக்க 2022 இல் வந்த வரம்பு இது. சொந்தக் கணினியில் sys.set_int_max_str_digits என்ற கட்டளைக்கு 0 கொடுத்து நீக்கலாம். வெளியார் எண் அனுப்பும் இணையத்தளத்தில் நீக்கவே கூடாது. விண்டோஸ் 7 கணினிகளில் பைதன் 3.8 க்கு மேல் ஏறாது. அங்கே நிறுவும் 3.8.10 இல் வரம்பும் இல்லை, அதை நீக்கும் கட்டளையும் இல்லை. எனவே கட்டளை இருக்கிறதா என்று செய்நிரலே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குப் பிடித்த வழி, பைதனோடு வரும் டெசிமல் (decimal) மொடியூல். அது பத்தின் அடுக்கிலேயே எண்ணை வைத்திருப்பதால் எழுத்தாக்குவது சுலபம். ஆனால் 2 ஐ முதலிலேயே டெசிமலாக்கி, பிறகு அடுக்கேற்ற வேண்டும். முழுவெண்ணாகக் கணித்துவிட்டு மாற்றினால் பழைய மெதுவே திரும்பிவரும். துல்லியம் இயல்பாக 28 இலக்கம்தான், அதை 10,00,010 ஆக்குங்கள். பத்தின் அடுக்குக்கு எல்லை இயல்பாக 9,99,999. நம் எண் அதில் மயிரிழையில் தப்புகிறது. 2 இன் அடுக்கில் ஒன்று கூடினாலே பிழை வரும், ஆகையால் அதையும் உயர்த்திவையுங்கள். விடை துல்லியம் இழந்தால் பிழை காட்டி நிறுத்தும் பொறியையும் (Inexact trap) போட்டுவிடுங்கள்.

எழுத்தானதும் 1 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கமும் எத்தனை என்று எண்ணி, அந்த இலக்கத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும். இலக்கம் இலக்கமாகச் சுற்றுவதைவிட இது மிக வேகம்.

சரிபார்க்க: கூட்டுத்தொகையை 9 ஆல் வகுத்தால் மீதி 7 வர வேண்டும், ஏனெனில் அந்த எண்ணுக்கே மீதி 7. பூச்சியம் தொலைந்திருந்தால் இந்தச் சோதனை காட்டாது, ஆகவே நீளம் 10,00,000 தானா என்றும் பாருங்கள். தொடக்கம் 9363, முடிவு 456.