ஒருக்களித்துப் படுப்பவருக்கான மெத்தையும் தலையணையும்: நான் அமைத்துக்கொண்ட விதம்

மல்லாந்து படுத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை. எப்போதும் ஒருக்களித்தே உறங்குபவன் நான். விடியும்போது கீழ்ப்பக்கத் தோள் கனத்துக் கிடப்பதும், கை மரத்துப்போவதும், இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் வலி தங்குவதும் வாடிக்கையான பின்னர், புதிய மெத்தை ஒன்றை வாங்குவதைவிடப் படுக்கையை என் உடலுக்கேற்ப அடுக்கடுக்காக அமைத்துக்கொள்வதே மேல் என்று முடிவு செய்தேன்.

மல்லாந்து படுக்கும்போது முதுகு, பிட்டம், தொடை என அகலமாகப் பரவும் உடல் எடை, ஒருக்களிக்கும்போது பெரும்பாலும் தோளிலும் இடுப்பிலுமே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடையோ மெத்தையைச் சரியாகத் தொடாமலே நிற்கிறது. கெட்டியான மெத்தை தோளை உள்வாங்குவதில்லை. மிகவும் மென்மையான மெத்தையிலோ இடுப்பு ஆழ்ந்து, முதுகெலும்பு தூளியில் கிடப்பதுபோல் வளைகிறது. முதுகுவலிக்குக் கெட்டியான படுக்கையே நல்லது என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் நாள்பட்ட கீழ்முதுகுவலி உடையவர்களிடம் நடத்தப்பட்டு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையே கூடுதல் பயன் தந்ததாகக் காட்டியது. எனவே எனக்குத் தேவைப்பட்டது ஒட்டுமொத்தமான மென்மையும் அன்று, ஒட்டுமொத்தமான கெட்டித்தன்மையும் அன்று; தோளுக்கு நெகிழ்வும் இடைக்குத் தாங்கலும்தான்.

எதையும் வாங்குவதற்கு முன், கழுத்தின் அடியிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பின் மேல் சிறு வண்ண ஒட்டுவில்லைகளை ஒட்டச் சொல்லி, வழக்கம்போல் ஒருக்களித்துப் படுத்து, பின்புறமிருந்து படுக்கையின் உயரத்திலேயே கைப்பேசியை வைத்துப் படம் எடுக்கச் செய்தேன். வில்லைகள் படுக்கைக்கு இணையான ஒரே கோட்டில் அமைய வேண்டும். என் படத்தில் தோள் மேலே தூக்கி நின்றது, இடை தொய்ந்திருந்தது, தலை கீழே சரிந்திருந்தது. மடித்த துண்டை இடைக்கு அடியிலும், வேறு சில துண்டுகளைத் தலையணைக்கு அடியிலும் வைத்துப் பார்த்ததில், எங்கே எவ்வளவு தேவை என்பது செலவின்றியே ஓரளவு தெரிந்துவிட்டது. கடையில் மல்லாந்து சில நிமிடங்கள் படுத்துப் பார்த்து மெத்தையைத் தேர்ந்தெடுப்பதைவிட இந்தத் துண்டுச் சோதனை எவ்வளவோ நம்பகமானது.

பின்னர், முழுவதும் திறக்கக்கூடிய ஜிப் உறையும் தனித்தனி லேடெக்ஸ் (ரப்பர் நுரை) அடுக்குகளும் கொண்ட மெத்தையைத் தேர்ந்தெடுத்தேன். மெமரி ஃபோம் உடலின் சூட்டில் இளகி அழுத்தத்தை நன்றாகப் பரப்பும். ஆயினும் குளிர்ந்த அறையில் அது இறுகிவிடும், புரண்டு படுப்பதையும் அது மெதுவாக்கும். லேடெக்ஸ் அழுத்தம் நீங்கியவுடன் எழும்பிவிடுவதால், இரவில் அடிக்கடி பக்கம் மாற்றும் எனக்கு அதுவே பொருந்தியது. இவ்வடுக்குகளின் கெட்டித்தன்மையை ஐ.எல்.டி. என்ற எண்ணால் குறிப்பிடுகிறார்கள்: குறிப்பிட்ட அளவுள்ள வட்டத் தகட்டால் அடுக்கை அதன் கனத்தில் 25 விழுக்காடு அமுக்குவதற்குத் தேவைப்படும் விசை அது. எண் 20-ஐ ஒட்டியிருந்தால் மென்மை, 30-ஐத் தாண்டினால் கெட்டி என்று தோராயமாகக் கொள்ளலாம். எனினும், உடல் எடை கூடியவர் அதே அடுக்கில் கூடுதலாக ஆழ்வார் என்பதால், பிறருக்குப் பொருந்திய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில் பொருளில்லை.

மேலடுக்கைக் குறுக்குவாட்டில் மூன்று துண்டுகளாக வெட்டச் செய்ததுதான் முழு முயற்சியிலும் பெரிய மாறுதலைத் தந்தது. தோள் படியும் பகுதியில் மென்மையான துண்டையும், இடைப்பகுதியில் சற்றுக் கெட்டியான துண்டையும், இடுப்பிலிருந்து கால் வரை நடுத்தரமான துண்டையும் வைத்தேன். தோள் உள்ளே இறங்கியதும், கீழே மாட்டிக்கொள்ளும் கைக்கு இடம் கிடைத்து மரத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. இருவர் உறங்கும் படுக்கையானால், மேலடுக்கை நீளவாக்கிலும் பிரித்து அவரவர் பக்கத்தைத் தனியே அமைக்கலாம். உறையையும் கவனிக்க வேண்டும்: நெகிழாத தடித்த உறையோ விறைப்பான மெத்தை விரிப்போ மேலே இறுகியிருந்தால், உள்ளேயிருக்கும் மென்மை தோளை எட்டுவதே இல்லை.

மெத்தை நிலைபெற்ற பிறகே தலையணைக்கு வந்தேன். இந்த வரிசை முக்கியமானது. தலையணையின் உயரம், கழுத்தின் பக்கத்திலிருந்து தோளின் வெளி விளிம்பு வரை உள்ள இடைவெளியிலிருந்து தோள் மெத்தைக்குள் இறங்கும் அளவைக் கழித்தால் வருவது. கெட்டி மெத்தையில் சரியாக இருந்த தலையணை, தோள் உள்ளே இறங்கியவுடன் உயரமாகிவிடும். ஆகவே, உதிரி லேடெக்ஸ் நிரப்பி ஜிப் வைத்த தலையணையை எடுத்து, மூக்கும் மார்பெலும்பும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை கைப்பிடி கைப்பிடியாக நிரப்பியை வெளியே எடுத்தேன். எடுத்ததை ஒரு பையில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். நாளடைவில் தலையணை அமுங்கும்போது அது தேவைப்படும். தலையணை கழுத்தின் வளைவை நிரப்ப வேண்டும், தோளுக்கு அடியில் நுழையக் கூடாது.

இடுப்பு வலிக்கு மெத்தையைவிட முழங்கால்களுக்கிடையே வைத்த தலையணையே அதிகம் உதவியது. மேல்கால் முன்னே சரிந்து விழும்போது இடுப்பையும் உடன் திருகுகிறது; தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளும் தாங்கல் அதைத் தடுக்கிறது, முழங்காலை மட்டும் தாங்கும் சிறு தலையணை பாதத்தைத் தொங்கவிட்டுவிடுகிறது. மேல்கையைச் சாய்த்துக்கொள்ள மார்புக்கு முன்னால் இன்னொரு தலையணை இருப்பதால் மேல்தோளும் முன்னோக்கி மடங்குவதில்லை. இவ்வளவுக்குப் பிறகும் மரத்துப்போதல் தொடர்ந்தாலோ பகலிலும் இருந்தாலோ, நரம்பு அழுத்தம் காரணமாக இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

நள்ளிரவில் பக்கம் மாறும்போது கால்களுக்கிடையே உள்ள தலையணை நழுவிவிடுவது மட்டும் இன்னும் தீரவில்லை. பட்டை வைத்துக் காலோடு கட்டிக்கொள்ளும் வகை எனக்குப் பிடிக்கவில்லை என்பதால், இருபுறமும் நீளும் முழுவுடல் தலையணையைப் பயன்படுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.