200 கப்பியோடு கொளத்தூருக்கு

2021இல் முதல் தடவை சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்கு மீன் விற்கப் போனபோது ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் இரண்டு பெயின்ட் வாளிகள் இருந்தன. உள்ளே 200 கப்பிகள். ஆறு வருடமாக வீட்டில் ஆசை ஆசையாய் வளர்த்த பரம்பரை. கொளத்தூர் கடைக்காரர் வலையால் ஒரு பிடி அள்ளி வெள்ளை டப்பாவில் விட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எல்லாம் கலந்து கெடக்குதும்மா. இது ரோட்டு கப்பி. அரவானா மீனுக்குத் தீனியா வேணா எடுத்துக்கறேன், ஒண்ணு ஒரு ரூபா."

வாளிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோபம் அவர்மேல் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் சொன்னது சரி. வீட்டுத் தொட்டியில் அழகாக இருக்கிறதே என்று சிவப்பு, நீலம், பாம்புத்தோல் என்று எல்லாவற்றையும் ஒன்றாக விட்டிருந்தேன். பெண் கப்பி ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் போதும், விந்தணுவைப் பல மாதம் உடம்பிலேயே வைத்துக்கொண்டு அடுத்தடுத்துக் குட்டி போடும். ஒரு நாள் கலந்ததற்குப் பல ஈடு குட்டிகளில் பலன் தெரியும். குட்டிகள் பருவத்துக்கு வருமுன் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

நான் பி.காம். அம்பத்தூரில் ஒரு கார் ஷோரூமில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது, நான்கு வருட பி.எஃப்.எஸ்சி. படிக்கலாம். பன்னிரண்டாவதில் உயிரியல் எடுத்த பிள்ளைகளுக்கு அது நல்ல வழி. வணிகவியல் படித்து, 34 வயதில், ஒரு பையனையும் வைத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஆகாத காரியம். மீன்வளப் பல்கலைக்கழகம் நடத்திய மூன்று நாள் வண்ண மீன் பயிற்சிக்கு லீவு போட்டுப் போனேன்.

அங்கே பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே கேட்டது, "என்ன மீன் வளர்க்கப் போறீங்க?" என்றல்ல. "உங்க வீட்டுத் தண்ணி எப்படி?" என்றுதான். செங்குன்றம் பக்கம் மாமனாருக்கு 5 சென்ட் காலி மனை இருந்தது. அங்கே போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,100 காட்டியது. பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும் தண்ணீர். நானோ ஏஞ்சல் மீன் கனவில் இருந்தேன். இந்தத் தண்ணீருக்கு அது சரிப்படாது என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னதைக் கேட்காமல் மூன்று மாதம் ஏஞ்சலோடு மல்லுக்கட்டினேன். ஜோடி சேரும், ஸ்லேட்டில் வரிசையாக முட்டை ஒட்டும், மறுநாளே பாதி வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்திருக்கும். பூஞ்சைக்கு மெத்திலீன் ப்ளூ மருந்து விட்டும் பிழைத்தது கொஞ்சம்தான். ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் பொரிக்கும், ஆனால் அந்தச் செலவைப் போட்டுப் பார்த்தால் குஞ்சு விலை கட்டாது. கணக்கு எழுதும் புத்தி அப்போதுதான் முதல் தடவையாக மீனுக்குப் பயன்பட்டது. அதே சுண்ணாம்புத் தண்ணீரில் மோலியும் கப்பியும் கொழுத்துத் திரிந்தன. சரி, இதுதான் என் மீன் என்று முடிவு செய்தேன்.

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பு வைத்திருந்தார்கள். பொதுப் பிரிவுக்கு 40 சதவீத மானியம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60. எனக்கு 1,80,000 கிடைத்தது. ஆனால் முதலில் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டியிருந்தது, பணம் பிறகுதான் வந்தது. நகையை அடகு வைத்து எட்டு சிமென்ட் தொட்டி, ஷெட், ஏர் பம்ப் எல்லாம் போட்டோம். மானியம் கணக்கில் ஏறும்வரை மாமியார் என்னோடு பேசியதில் பாதி அந்த வளையலைப் பற்றித்தான். புது சிமென்டின் காரம் போகத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டியதற்கே ஒரு மாதம் ஓடியது.

அப்புறம் எல்லாம் வேலைதான். காலை ஐந்தரைக்கு ஆர்ட்டீமியா (குட்டிகளுக்குத் தீனியாகும் பொடி இறால்) வடிகட்டல்: உப்புத் தண்ணீரில் போட்ட முட்டை ஒரு நாளில் பொரித்துவிடும். அதைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு எட்டரைக்கு ஷோரூம் பஸ். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரம் பிரித்தல். வால் கோணல், நிறம் மங்கல் எல்லாம் தனி வாளிக்கு. அந்த வாளி எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆசைக்கு வளர்த்தபோது ஒவ்வொரு மீனும் செத்ததற்கு வருத்தப்பட்டவள் நான். முதல் சில வாரம் அந்த வாளியை என் வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு போனார்.

அதே கடைக்காரர் இரண்டாவது தடவை டப்பாவில் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஜோடி 15 ரூபாய் என்று எழுதினார். அனுப்புவதற்கு முந்தின நாளே தீனியை நிறுத்த வேண்டும், பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். இதையெல்லாம் அவர் கடைப் பையன்தான் சொல்லிக்கொடுத்தான். 2023 ஜூனில் ஷோரூம் வேலையை விட்டேன். அப்போது மாதச் சம்பளம் 22,000. மீனில் ஏறக்குறைய அவ்வளவு வந்துகொண்டிருந்தது, தைரியம் அவ்வளவுதான்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி ராத்திரி ஆரம்பித்த மழை நிற்கவே இல்லை. மூன்று நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் இரண்டு பம்பைத்தான் தாங்கியது. தீனியை அடியோடு நிறுத்தி, முறை வைத்துக்கொண்டு குவளையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினோம். காற்றில்லாமல் செத்ததைவிடப் பெரிய அடி வேறு பக்கமிருந்து வந்தது. தொட்டிகள் நிரம்பி வழிந்து, ஒரு தொட்டி மீன் இன்னொரு தொட்டிக்குப் போய்விட்டது. சிவப்பும் நீலமும் பாம்புத்தோலும் மறுபடி ஒன்றாக. கொஞ்சம் தெருத் தண்ணீரிலும் நீந்திக்கொண்டிருந்தன. கடைக்காரர் சொன்ன ரோட்டு கப்பி நிஜமாகவே ரோட்டில்.

மிச்சமிருந்த பெண் மீன்களை நம்ப முடியாது என்பதால் பண்ணை மொத்தத்தையும் தீனி விலைக்குத் தள்ளிவிட்டேன். தப்பித்தது, பையனுக்காக ஹாலில் வைத்திருந்த கண்ணாடித் தொட்டிகளில் ஒவ்வொரு ரகத்திலும் விட்டிருந்த ஓர் ஆணும் இரண்டு பெண்ணும்தான். அவற்றிலிருந்துதான் மறுபடி தொடங்கினோம். இப்போது எல்லாத் தொட்டிக்கும் மேலே வலை, விளிம்புக்கு நாலு விரல் கீழே சல்லடை வைத்த வடிகுழாய். ஹால் தொட்டிகளில் கூழாங்கல், செடி எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. வெறும் கண்ணாடி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், தாய் மீன்கள். கையை விடக்கூடாது என்று பையனுக்குக் கண்டிப்பு வேறு.

"அப்ப நம்ம வீட்டுக்கு எப்பம்மா மீன் வாங்குவ?" என்கிறான்.