முதல் டிராம் கிளம்பும் வரை

அதிகாலை ஐந்து மணி வாக்கில் முதல் டிராம் பணிமனையை விட்டுக் கிளம்புவதை நான் காதால் கேட்டதில்லை. திரையில்தான் பார்க்கிறேன். சோதனை மேசைக்கு அடியில் ஒரு காந்தமானி இருக்கிறது. இரவு முழுவதும் ஏறக்குறைய நேர்கோடு ஒன்றை அது வரைந்துகொண்டிருக்கும். திடீரென்று அந்தக் கோடு நடுங்கத் தொடங்கும். டிராமை ஓட்டும் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத் திரும்பும்போது எழுகிற காந்தப்புலம் அது. புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 50 மைக்ரோடெஸ்லா என்றால், இது அதில் சிறு பங்குதான். ஆனாலும் அன்றைய அளவீட்டை அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, இரண்டு ஆண்டு ஒப்பந்தம். வசிப்பு அனுமதியும் அதே தேதியில் முடிகிறது. வீட்டு முகவரி இருந்தால்தான் வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டைக் காட்டினால்தான் வீடு என்று முதல் ஆறு வாரங்கள் காகிதங்களிலேயே போயின. அந்த நாட்களில் என்னோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர், எங்கள் ஆய்வகப் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கும் பெரியவர். அவருக்கு ஆங்கிலம் வராது. இந்த ஊர் மொழியில் அவரிடம் நான் முதலில் கற்ற சொற்கள் திருகு, பித்தளை, கால் மில்லிமீட்டர். நலம் விசாரிக்கக் கற்றது அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஆய்வு, மூலக்கூறுகளின் தற்சுழற்சியை, அதாவது அவற்றின் எலக்ட்ரான்களைச் சிறு காந்தங்கள் போல ஆக்கும் பண்பைக் கொண்டு காந்தப்புலத்தை அளப்பது. ஐந்து பென்சீன் வளையங்கள் ஒரே வரிசையில் ஒட்டியது போன்ற பென்டசீன் மூலக்கூறை, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் பாரா-டெர்பினைல் என்ற கரிமச் சேர்மத்தின் படிகத்துக்குள் கலக்கிறோம். நிறமில்லாத படிகம் இளஞ்சிவப்பாகிவிடும். 590 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் ஒளி பட்டதும் சில மூலக்கூறுகள் மும்மை நிலைக்குப் போகின்றன, அதாவது அவற்றின் இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. அப்போது 1.4 கிகாஹெர்ட்ஸ் அருகே நுண்ணலையைச் செலுத்தினால் படிகத்தின் சிவப்பு ஒளிர்வு மிக லேசாக மாறும். 1993-இல் கடுங்குளிரில் ஒற்றை மூலக்கூறின் தற்சுழற்சியையே இப்படி ஒளியால் கண்டறிந்தார்கள். 2012-இல் இதே படிகம் அறை வெப்பநிலையில் மேசராக, அதாவது நுண்ணலைக்கான லேசர் போல இயங்கியது. இதே வேலைக்குப் பயன்படும் வைரத்தில், அணு ஒன்று மாறியோ விடுபட்டோ இருக்கும் குறைபாட்டு மையங்களைக் குறித்த இடத்தில், குறித்த வடிவில் உண்டாக்குவது கடினம். மூலக்கூறையோ வேதியியலாளர் அணு அணுவாக மாற்றிக் கட்டலாம், கோடிக்கணக்கில் ஒன்றுபோலவே கட்டலாம். அதில்தான் எனக்கு இத்தனை ஈர்ப்பு.

வைரத்தில் பழகிய கையோடுதான் வந்தேன். மூன்றாம் மாதம் ஒத்ததிர்வு, அதாவது ஒளிர்வு மாறும் அந்த நுண்ணலை அதிர்வெண், திரையில் ஒரு கோடாகத் தெரிந்தது. ஆனால் காந்தப்புலத்தைச் சற்றுக் கூட்டினாலும் குறைத்தாலும் அது நகரவே இல்லை. கம்பிகளை மாற்றினேன், படிகத்தை மாற்றினேன், சுருள்களைப் பிரித்து மீண்டும் சுற்றினேன். ஏழு வாரங்கள் அப்படியே கழிந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தொலைபேசியில், முகம் வாடியிருப்பதைக் குரலிலேயே கண்டுகொண்டு, என்னதான் வேலை செய்கிறாய் என்று கேட்டார். திசைகாட்டி ஊசியை எலக்ட்ரான் அளவுக்குச் சுருக்கியது போல ஒன்று, அது அசையமாட்டேன் என்கிறது என்றேன். சற்று யோசித்துவிட்டு, “வேறு யாரோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களோ?” என்றார்.

பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மும்மை நிலையிலுள்ள இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று மூலக்கூறின் அச்சுகளோடு சேர்த்துக் கட்டிவைக்கின்றன. நீண்டு தட்டையான இந்த மூலக்கூறில், புலம் பூச்சியத்தை ஒட்டி இருக்கும்வரை, அதிர்வெண் புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே நகரும். சிறு புலத்துக்கு அது கண்ணில் படாத நகர்வு. பாடமாகப் படித்திருந்தேன். ஆனால் தமிழில் அந்தக் கேள்வி காதில் விழுந்தபோதுதான் அது என் மேசையில் நடப்பதாகத் தெரிந்தது. சில மில்லிடெஸ்லா அளவுக்கு நிலையான காந்தம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பிடியைத் தளர்த்தினால், அதன்மேல் வரும் சிறு மாற்றமும் தெரியும். பெரியவர் இரண்டே நாளில் தாங்கியைக் கடைந்து கொடுத்தார், எஃகு எதுவும் இல்லாமல், பித்தளைத் திருகுகளோடு. வியாழன் இரவு ஒத்ததிர்வுக் கோடு நகர்ந்தது. அவரை எழுப்பிச் சொல்ல முடியாத நேரம். பட்டறைக் கதவில் சீட்டு எழுதி ஒட்டினேன், அவர் மொழியில், எழுத்துப் பிழைகளோடு.

அன்று முதல் இரவில்தான் அளக்கிறேன். மின்தூக்கி நின்றுவிடும், ஊரும் அடங்கிவிடும். இந்த ஊரின் கடைத்தெருக்களைவிட அதன் காந்த இரைச்சல்தான் எனக்கு நன்றாகத் தெரியும். முதல் டிராம் என் அளவீட்டை முடித்துவைக்கிறது, இரண்டாவது டிராமில் நான் வீட்டுக்குப் போகிறேன். ஓட்டுநர் இப்போது தலையசைக்கிறார்.

இன்னும் பத்து மாதங்கள் இருக்கின்றன. படிகத்திலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களே சிறு காந்தங்கள். அவை எழுப்பும் சலசலப்பு, தற்சுழற்சிகள் தாளம் தவறாமல் இயங்கும் ஒத்திசைவைக் கலைத்துவிடுகிறது. காந்தத் திறன் குறைந்த, ஹைட்ரஜனின் கனத்த வடிவமான டியூட்டிரியத்தை அவற்றின் இடத்தில் வைத்துச் செய்த தூள் போன வாரம் வந்தது. இப்போது உலையில் இருக்கிறது. 213 டிகிரிக்கு மேல் உருகி, மணிக்கு ஒரு மில்லிமீட்டராகக் கீழே இறங்கி உறைந்துகொண்டிருக்கிறது. இன்னும் நான்கு சென்டிமீட்டர் இறங்க வேண்டும்.